ஒண்ணுமில்லைக்காரர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. வீட்டுக்கு ஒருவர், அலுவலகத்துக்கு நாலு பேர் என்று தாராளமாக விளைந்து கிடந்தும் இந்த வகைக்கு இதுவரை யாரும் ஒரு பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. நானே வைத்துவிடுகிறேன்: ஒண்ணுமில்லைக்காரர்.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது? ரொம்ப சுலபம். அவரிடம் போய் எதையாவது சொல்லத் தொடங்குங்கள். கூரை ஒழுகுகிறது, காரில் ஏதோ கடகடவென்று சத்தம் வருகிறது, மாப்பிள்ளை கொஞ்ச நாளாக யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எது வேண்டுமானாலும் சரி. நீங்கள் பாதி வாக்கியம் வருவதற்குள் அவருடைய வலது கை ஈ ஓட்டுவதுபோல் மேலே எழும்பும், தலை ஒருபக்கம் சாயும், உதட்டில் ஒரு கருணைப் புன்னகை மலரும். "அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல!"

தீர்ந்தது வழக்கு. ஒழுகுகிற கூரையை அவர் அண்ணாந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். பார்த்தால் ஏதாவது இருந்து தொலைத்துவிடுமே!

நீங்கள் விடாமல் இரண்டாம் தரம் சொன்னால் சிரிப்பார். மூன்றாம் தரம் சொன்னால் குரல் ஏறும். "அதான் ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல?" என்பார். அப்போது உங்களுக்கே ஒரு வெட்கம் வந்துவிடும். கூரை ஒழுகுவது கூரையின் குற்றமல்ல, அதைப் பார்த்த உங்கள் கண்ணின் குற்றம் என்று பட ஆரம்பிக்கும். வாளியை எடுத்து ஒழுகும் இடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுப்பீர்கள்.

இவர் கெட்டவரா? சேச்சே. நல்லவர். உங்கள் கவலையைத் துடைத்துவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர். அதைவிடப் பெரிய சங்கடம், பெரும்பாலும் அவர் சொன்னதே பலித்தும்விடும். பத்தில் ஒன்பது தரம் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. அந்த ஒன்பது தரம் சேர்ந்த பெருமைதான் பத்தாவது தரம் அவர் கண்ணில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த இனத்தின் உயர்தர மாதிரி ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். தொழில்? குழந்தை மருத்துவர். அதிலும் சாதாரண மருத்துவர் அல்ல. ஒரு பெரிய குழந்தைகள் மருத்துவமனையில், சாதாரண நோயோடு வந்து படுத்த பிள்ளைகளில் சிலர் மட்டும் ஏன் திடீரென்று உயிருக்குப் போராடும் நிலைக்குப் போகிறார்கள் என்று வருடக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருப்பவர்.

செப்சிஸ் என்று ஒன்று இருக்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினான் என்பார்களே, உடம்பு அதையே செய்வது. எங்கேயோ ஒரு புண்ணில், நுரையீரலில் புகுந்த கிருமியை விரட்டப் புறப்பட்டு, இதயம், சிறுநீரகம் என்று தன் சொந்த வீட்டுக்கே தீ வைத்துக்கொள்ளும். பெரியவர்களிடம் அது கொஞ்சம் சத்தம் போட்டுக்கொண்டு வரும். குழந்தைகளிடம் பூனை மாதிரி வரும். குழந்தையின் இரத்த அழுத்தம் இருக்கிறதே, அது பலே கள்ளன். உள்ளே எல்லாம் சரிந்துகொண்டிருக்கும்போதுகூட கடைசிவரை நல்ல பிள்ளையாக நடித்துக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் நான் எங்கே படித்தேன்? படிக்கவில்லை. சகலையின் சொற்பொழிவில் கேட்டேன். மாநாட்டு மண்டபத்தில் அவர் மேடையேறிவிட்டால் கண் கொட்டாமல் கேட்கலாம். அவருடைய ஆராய்ச்சிக் குழு ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தது: கருவிகள் கூவுவதற்கு முன்பே பல அம்மாக்கள் "என் பிள்ளை எப்பவும்போல இல்ல" என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள். சகலை மேடையில் முஷ்டியை உயர்த்தி முழங்குவார். "அம்மா கவலைப்பட்டா, மருத்துவரும் கவலைப்படணும்!" கைதட்டல் அடங்க நேரமாகும்.

திரும்பி வரும்போது காரில், முன் இருக்கையில் இருந்த அக்கா, "என்னங்க, இந்தப் பின் சக்கரத்துல ஏதோ சத்தம் கேக்குதே" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் சகலை.

பின்னால் உட்கார்ந்திருந்த நானும் என் மனைவியும் இறங்கித் தள்ளினோம்.

இப்போது ஒரு சின்னப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். புண் சீழ் பிடித்தது, காய்ச்சல் வந்தது, சகலையின் வார்டில் சேர்த்தார்கள். இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் போகாத வயது. ஆனால் வாய் இருக்கிறதே! ஊசி போட வந்த நர்ஸை "உன் மூக்கு ஏன் இவ்ளோ பெருசு?" என்று கேட்டு அழ வைத்தவள். கட்டு மாற்ற வந்தவரின் கையைக் கடித்தவள். வார்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அவளுடைய அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். விடுப்புப் போட்டுவிட்டு மகளின் கட்டிலருகிலேயே இருந்தார்.

அன்று காலை சகலை தன் பரிவாரத்தோடு வார்டைச் சுற்றி வந்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது. பட்டாசு படுத்திருந்தாள். நர்ஸ் இரத்தம் எடுக்கக் கையைக் கேட்டதும் தானாகவே நீட்டினாள். கத்தவில்லை, கடிக்கவில்லை. மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வார்டே புல்லரித்துப்போனது.

"அடடா, என்ன சமத்து!" என்றார் சகலை.

"அதான் டாக்டர் எனக்குப் பயமா இருக்கு" என்றார் அம்மா. "என் பொண்ணு சமத்து இல்ல."

சிரிப்பு எழுந்தது. சகலையின் கையும் எழுந்தது, ஈ ஓட்டுவதற்கு. "மருந்து வேலை செய்யுதும்மா. காய்ச்சல் இல்ல, பிரஷர் நார்மல். களைச்சுப் போயிருக்கா. ஒண்ணுமில்ல."

"தண்ணி கேக்கல. என் முகத்தக்கூடப் பாக்கல. மூச்சு வேகமா விடுறா."

"ஒண்ணுமில்லம்மா. நீங்க ராத்திரி சரியாத் தூங்கியிருக்க மாட்டீங்க. கொஞ்சம் படுங்க."

அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நகர முடியவில்லை. அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, குறுக்குச் சந்தில் பேருந்தை நிறுத்தியதுபோல், வழியை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். இந்தப் பக்கம் ஐந்தாறு மருத்துவர்கள் சிக்னலில் மாட்டிய வண்டிகள்போல் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

"டாக்டர், அது யாரு?" என்று எதிர்ச் சுவரைக் காட்டினார்.

சுவரில் ஒரு பெரிய சுவரொட்டி. ஆராய்ச்சிக் குழு ஒட்டியது. 'உங்கள் பிள்ளை வழக்கம்போல் இல்லை என்று தோன்றுகிறதா? தயங்காதீர்கள்! உடனே எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்போம்.' அதன் கீழே, வெள்ளைக் கோட்டும் முப்பத்திரண்டு பல்லுமாக, சாட்சாத் நம் சகலை.

"நான்தான்" என்றார் சகலை.

"அவருகிட்டயாவது சொல்ல முடியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. இதை எனக்குச் சொன்னவர் சகலையேதான். அந்த நொடியில் கோபம்தான் முதலில் வந்ததாம். கோபத்தோடேயே, இந்த அம்மாவுக்கு ஒருமுறை நிரூபித்துவிட்டுப் போவோம் என்று போர்வையை விலக்கிக் குழந்தையின் பாதத்தைத் தொட்டாராம். பாதம் ஜில்லென்றிருந்தது. நகத்தை அழுத்திவிட்டு விரலை எடுத்தார்; இரத்தம் ஒழுங்காக ஓடினால் அந்த இடம் உடனே சிவக்க வேண்டும். வெளுத்த இடம் சிவக்கவில்லை. சிவக்கவில்லை. அப்புறம், மெதுவாக, வேண்டா வெறுப்பாகச் சிவந்தது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இதயம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவரைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு விஷயம் இருக்கிறது என்று நம்பிவிட்டால் சகலைக்கு நிகர் சகலைதான். யார் எதை எடுத்துவர வேண்டும், எந்த மருந்து, எவ்வளவு திரவம் என்று குரல் உயர்த்தாமல் சொன்னார். தேநீர் ஆறுவதற்குள் மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது, கட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. சகலை கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடினார். அவருடைய தொந்திக்கு அது ஒரு சாதனை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். வெகு நேரம் கழித்துச் சகலை வெளியே வந்தார். பேருந்தைப்போல் நின்ற பெண் இப்போது நாற்காலியில் கைப்பிடி அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தார். சகலையைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க டாக்டர்."

வாழ்நாள் முழுவதும் கேட்பவர் கேட்காதவர் எல்லோருக்கும் வாரி இறைத்த சொல். இப்போது ஒருத்தி கெஞ்சிக் கேட்கிறாள்.

"இருக்கும்மா" என்றார் சகலை. "பெருசாத்தான் இருக்கு. ஆனா நேரத்துக்குப் பிடிச்சிட்டோம். நீங்க பிடிச்சீங்க. நான் வீட்டுக்குப் போகல, இங்கயேதான் இருப்பேன்."

அம்மா அழுதார். ஆனால் கையை விட்டுவிட்டார். நாற்காலியில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தாராம். இத்தனை வருடம் ஒண்ணுமில்லை சொல்லி யாரையும் தான் அப்படித் தூங்க வைத்ததில்லை என்று சகலை பிறகு என்னிடம் சொன்னார்.

சொன்னபடியே இருந்தார். சட்டை மாற்றவில்லை, சவரம் செய்யவில்லை. ஓரிரு நாளில் சிறுநீர் ஒழுங்காக இறங்கியது, பாதம் சூடேறியது. ஒரு மதியம், குனிந்து குழந்தையின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தபோது அவள் கண்ணைத் திறந்தாள். ஆராய்ச்சியாளரை உற்றுப் பார்த்தாள்.

"வாய் நாறுது. தள்ளிப் போ."

கண்ணாடிக்கு அப்பால் நின்ற அம்மாவிடம் நர்ஸ் போய் அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சகலை பல் தேய்க்கப் போனார்.

குழந்தை வீடு போய்ச் சேர்ந்தாள். சகலை திருந்திவிட்டாரா? வார்டில் திருந்திவிட்டார். எந்த அம்மா எதைச் சொன்னாலும் இப்போது முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாராம். வீட்டில் வேறு கதை. போன வாரம் அக்கா, "ரெண்டு மாசமா இருமுறீங்க, யாருகிட்டயாவது காட்டுங்களேன்" என்றாள். கை மேலே எழும்பியது. பாதியில் நின்றது. அக்கா வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தார். பாதி திருந்தியவர் என்று வைத்துக்கொள்வோம்.

"நல்லவேளை, நாம் இந்த இனம் இல்லை" என்று நிம்மதியாக மூச்சு விடுகிறீர்கள், இல்லையா? இருக்கட்டும். ஒரு சின்ன சந்தேகம் மட்டும். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது நடுவில் வீட்டில் யாரோ உங்களிடம் வந்து ஏதோ சொன்னார்களே, நீங்களும் தலை நிமிராமலே "ம்... ம்..." என்று கையை அசைத்து அனுப்பி வைத்தீர்களே. என்ன சொன்னார்கள்?

எழுந்து போய்க் கேளுங்கள்.