வெள்ளீயத்துக்குப் பூர்வீகம் விசாரித்தது

பாளையங்கோட்டை,
12-9-1999.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஆழ்வார்குறிச்சி திரு. தளவாய் அவர்களின் சமூகத்திற்கு, பாளையங்கோட்டை ஐயம்பெருமாள் வணக்கத்துடன் எழுதுவது. நெல்லையப்பர், காந்திமதியம்மன் புண்ணியத்தில் நானும் அன்னத்தாயும் சௌக்கியம். தங்கள் மூட்டுவலி தேவலையா? சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை சிவகணேஷ், என் மகள் வேணி, பேரன் எல்லோரும் நலந்தானே? சீராக வேணி கொண்டுவந்த பெரிய வெண்கலப் பானையில்தான் இந்த வருடமும் பொங்கலிட்டீர்களா என்று அன்னத்தாய் கேட்கச் சொன்னாள். தைக்குக் கேட்டிருக்க வேண்டியது, இப்போது கேட்கிறாள். அவள் அப்படித்தான்.

பேரனுக்குக் காது குத்தின அன்று, பந்தியில் எல்லோரும் இருக்கும்போது தாங்கள் என்னிடம், "ரிட்டயர் ஆயாச்சுல்லா சம்பந்தி, இனி உமக்கு என்ன சோலி இருக்கு? பேப்பர் படிச்சுட்டு இருக்க வேண்டியதுதான்" என்று சொன்னீர்கள். நான் அப்போது பாயசத்தில் கவனமாக இருந்ததால் பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதம்தான் பதில். ஜெர்மனி தேசத்திலிருந்து என் பெயரைப் போட்டு நன்றி தெரிவித்து ஃபேக்ஸ் வந்திருக்கிறது. தாலுகா ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியபோது கலெக்டர்கூட என் பெயரைப் பிழையில்லாமல் சொன்னது கிடையாது. ஜெர்மன்காரன் சரியாக எழுதியிருக்கிறான். இனி விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன், சாய்ந்து உட்கார்ந்து வாசியுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தேவதாசனைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள், கங்கைகொண்டானில் வெண்கல மணி வார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதற்கான சிறு மணிகளை ஜெர்மனியில் தேவாலயங்களுக்கு விற்கும் ஒரு கம்பெனிக்கு அனுப்பி வருகிறார். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கப் போகிறதே, அதற்காகச் சமாதான மணி என்று பெரிய ஆர்டர் வந்தது. அதை நம்பி வேறு ஆர்டர் எதுவும் அவர் எடுக்கவில்லை, பட்டறையில் இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் இந்த வருடச் சோறு அதுதான். இந்த நேரத்தில் அந்தக் கம்பெனி ஒரு கேள்வி கேட்டது. வெண்கலத்துக்குச் செம்போடு வெள்ளீயம் சேர்க்க வேண்டுமல்லவா, அந்த வெள்ளீயம் எந்தச் சுரங்கத்தில் எடுத்தது? ஆப்பிரிக்காவில் சில இடங்களில் துப்பாக்கியை நீட்டி ஆட்களைத் தோண்டவிட்டு, அதை விற்று, அந்தக் காசில் மறுபடி துப்பாக்கி வாங்கிச் சண்டை போடுகிறார்களாம். சமாதான மணிக்குள் அந்த உலோகம் இருக்கக் கூடாது, சண்டை நடக்கிற இடத்திலிருந்து வந்ததல்ல என்று விசாரித்து எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் ரத்து என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

தேவதாசன் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து நின்றார். "அண்ணாச்சி, நீங்க விசாரிக்காத மாப்பிள்ளை இந்த ஜில்லாவுலயே கிடையாது. இந்த வெள்ளீயத்தையும் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க. எனக்கு வேற யாரையும் தெரியாது" என்றார். கண் கலங்கியிருந்தது மனிதருக்கு. சம்பந்தி, அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது. நான் விசாரித்து நல்ல இடம் என்று சொன்ன கல்யாணம் ஒன்றுகூட இதுவரை கோணவில்லை. தங்கள் வீட்டை விசாரித்ததும் நான்தான், இப்போது சொன்னால் தப்பில்லை. தங்கள் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, டீ ஊற்றுகிறவன், பால்காரர், துணி தேய்க்கிறவர் என்று ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்தேன். "அந்த வீட்டுல சத்தமே வெளிய கேக்காது அண்ணாச்சி" என்று மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சண்டை சச்சரவில்லாத இடம் என்று அன்னத்தாயிடம் வந்து சொன்னேன், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

என் முறை ரொம்பச் சுருக்கம். எதற்காக விசாரிக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சம்பந்தப்பட்ட வீட்டில் நேராகக் கேட்கவே கூடாது, நல்லபடியாகச் சொல்கிறவன் யோசித்துவிட்டுச் சொன்னால் ஒரு மார்க் குறைத்துக்கொள்ள வேண்டும். தேவதாசன் கொஞ்சம் இழுத்தார். "கல்யாணத்துக்கு விசாரிக்க வாரவங்ககிட்ட எல்லாருமே நல்லதாத்தான அண்ணாச்சி சொல்லுவாக? நாம எதுக்கு ஒரு பிள்ளை வாழ்க்கையக் கெடுக்கணும்னு நெனப்பாகள்ல?" என்றார். "அது மத்தவன் விசாரிச்சா. நான் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் டவுனில் கீழரத வீதி அப்பாத்துரை கடை. தேவதாசன் வெள்ளீயம் வாங்குவது அங்கேதான். போனவுடன் வெள்ளீயம் என்று ஆரம்பித்தால் நான் ஐயம்பெருமாள் இல்லையே. மழையைப் பற்றிப் பேசினேன், அணையில் தண்ணீர் எவ்வளவு என்று பேசினேன், நடுவில், "உமக்குச் சரக்கு குடுக்குத ஆளு எப்படிவே? பூர்வீகம் எது? தேவதாசன் கேக்கச் சொன்னாரு" என்று பைய ஒரு வார்த்தை போட்டேன். அப்பாத்துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார், அப்புறம் முகமெல்லாம் சிரிப்பு. "தேவதாசனுக்காகவா அண்ணாச்சி! தூத்துக்குடி எலியேசர். தங்கமான இடம்லா, கண்ண மூடிட்டுப் போகலாம்" என்றார். யோசிக்காமல் சொன்னார், முழு மார்க் போட்டேன். நான் படியிறங்குவதற்குள் அவர் டெலிபோனைச் சுற்ற ஆரம்பித்தது காதில் விழுந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் தூத்துக்குடி. எலியேசர் வீடும் சரக்கு வைக்கிற கிட்டங்கியும் ஒரே காம்பவுண்டு, எதிரில் வசதியாக ஒரு டீக்கடை. நான் முதல் வாய் டீ குடிப்பதற்குள் அந்த வீட்டுப் பெருமையைக் கடைக்காரர் தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். குடி கிடையாது, கோயிலுக்குத் தவறுவது கிடையாது, பையன் ஜோஷுவா என்ஜினியருக்குப் படித்துவிட்டு அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கிறான், பல் வரிசையாக இருக்கும் என்றார். வெள்ளீயத்துக்குப் பல் எதற்கு என்று எனக்குத் தோன்றியது, ஆனாலும் விசாரிப்பில் எது எப்போது உதவும் என்று சொல்ல முடியாது, மனதில் வைத்துக்கொண்டேன். அதற்குள் எலியேசரே வெளியில் வந்து, "அண்ணாச்சி, வெயில்ல எதுக்கு உக்காந்திருக்கிய? உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். என் சர்வீசில் நடக்காத காரியம் இது.

உள்ளே நடந்த உபசாரத்தைக் கேளுங்கள். கேசரி, வடை, முந்திரிப் பருப்புப் போட்ட மக்ரூன், இளநீர். எலியேசர் சம்சாரம் சாரம்மாள் பட்டுப் புடவை கட்டியிருந்தார். ஜோஷுவா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றான். நிஜமாகவே நல்ல பல். "எங்ககிட்ட ஒளிவுமறைவு கிடையாது, எதையும் கேளுங்க அண்ணாச்சி" என்றார் எலியேசர். இவ்வளவு தூரம் சொன்ன பிறகு என் முறையைக் கொஞ்சம் தளர்த்தி, சரக்கு எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டேன். மனிதர் பீரோவைத் திறந்து கப்பல் ரசீது, சுங்கக் காகிதம், வருமான வரி எல்லாவற்றையும் என் மடியில் கொண்டுவந்து கொட்டினார். வருமான வரியைக்கூட யாராவது காட்டுவார்களா! சரக்கு பினாங்கில் ஓர் உருக்காலையிலிருந்து வருகிறது. அதற்கு முன்னால் என்று கேட்டேன். "அதுக்கு முன்னாலயுமா?" என்று ஒரு கணம் திகைத்தவர், "அதுவும் நியாயந்தான், ரெண்டு தலைமுறையாவது தெரியணும்லா" என்று சொல்லி, அந்த ஆலையிலேயே கணக்கு எழுதும் தன் சித்தப்பா மகனுக்கு அப்போதே டெலிபோன் போட்டார்.

மறு வாரம் பதில் வந்தது. வந்த சரக்கில் பெரும்பாகம் மலேயாவில் பேரா பக்கத்துச் சுரங்கத்து மண், சுத்தம். ஒரு பகுதி மட்டும் ஆப்பிரிக்காவிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது, யார் தோண்டினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எலியேசர் அதை மறைத்திருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. ஆனால் அவரே பாளையங்கோட்டைக்கு வந்து என்னிடம், "உறவுன்னு ஆகப் போற இடத்துல இத மறைக்கக் கூடாது அண்ணாச்சி. அந்த வெள்ளீயக் கட்டிய மட்டும் தேவதாசனுக்குப் போகாம தனியா எடுத்து வச்சிட்டேன்" என்றார். உறவு என்று ஏன் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை, அந்த நேர்மைக்கு இன்னொரு முழு மார்க் போட்டேன். சண்டை நடக்கும் இடத்து உலோகம் எதுவும் இந்த மணிகளில் இல்லை என்று எழுதி, அடியில் ஐயம்பெருமாள், விசாரணை அலுவலர் என்று கையெழுத்துப் போட்டேன். மணிகளில் பாதி கப்பலேறிவிட்டன, மீதிக்கு அச்சு தயாராகிறது, ஜெர்மனியிலிருந்து அந்த நன்றியும் வந்துவிட்டது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தேவதாசன் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. எலியேசர், சாரம்மாள், ஜோஷுவா, ஒரு பாதிரியார், தட்டுத் தட்டாகப் பழங்கள். தேவதாசன் மகள் டார்லினைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள்! நான் போய் விசாரித்தால் அது மாப்பிள்ளை விசாரிப்பாகத்தான் இருக்கும் என்று அப்பாத்துரை முடிவு கட்டித் தூத்துக்குடிக்குச் சொல்லியிருக்கிறார். நான் குடைக்குப் பின்னால் ஒளிய இடம் பார்த்தேன். டார்லின்தான், "மாமா இவ்வளவு தூரம் விசாரிச்சிருக்காக, வீணாப் போக வேண்டாம். நான் அவுக கூடப் பேசிப் பாக்கேன்" என்று சிரித்தாள். பேசினார்கள், பிடித்துவிட்டது. வெள்ளீயத்தைத் தேடிப் போய் மாப்பிள்ளையோடு திரும்பியவன் இந்தச் சீமையில் வேறு யாராவது உண்டா என்று தாங்களே சொல்லுங்கள். இனி அடுத்த பந்தியில் என்னைப் பேப்பர் படிக்கச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் வேணிக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். தங்கள் வீடு என்றும் போல் சத்தமில்லாமல், சகல சௌபாக்கியத்தோடு விளங்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ஐயம்பெருமாள்,
விசாரணை அலுவலர்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது எலியேசரின் கணக்குப்பிள்ளை மாரிக்கண்ணு வந்தார். பையன் வீட்டார் பெண் வீட்டை விசாரிக்க வேண்டுமல்லவா, தேவதாசனின் பட்டறைக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். தேவதாசனைப் பற்றிக் குறை ஒன்றுமில்லை. ஆனால் பட்டறையில் புது உலோகத்தோடு பழைய வெண்கலப் பாத்திரமும் கொஞ்சம் உடைத்துப் போடுவார்களாம், அப்போதுதான் மணியில் நாதம் நிற்கும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். பூமியின் அந்தக் கோடி வரைக்கும் விசாரித்தேன், பட்டறைக் கொல்லையில் கிடந்த குவியலை நான் எட்டிப் பார்க்கவில்லை. மாரிக்கண்ணு அதில் கிடந்த ஒரு துண்டை எடுத்து வந்து, "இந்தப் பேரு உங்களுக்குத் தெரிஞ்ச பேராட்டு இருக்கே அண்ணாச்சி" என்று என் கையில் கொடுத்தார். பானையின் விளிம்பு. ஐயம்பெருமாள் மகள் வேணி என்று பேர் வெட்டியிருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டச் சொன்ன எழுத்து.

ஊர் ஊராகப் பழைய பாத்திரம் எடுத்துப் பட்டறைக்குப் போடுகிற இசக்கித்தாயிடமும் அவர் விசாரித்திருக்கிறார். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆழ்வார்குறிச்சியில ஒரு வீட்டுல மாமியாருக்கும் மருமவளுக்கும் தெனமும் சண்டைய்யா. மாமியாக்காரி கோவத்துல அந்தப் பானைய எடைக்குத் தூக்கிப் போட்டுட்டா. அந்தப் பிள்ள வாசல்லயே அழுதுட்டு நின்னுச்சு." பானையின் மற்றப் பாகம் சமாதான மணியாகி ஜெர்மனிக்குப் போய்விட்டது. சண்டை நடக்கும் இடத்து உலோகம் எதுவும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மாதம் தவறாமல் வேணி கடிதம் போடுகிறாள், எல்லோரும் சௌக்கியம், அத்தை நன்றாக வைத்துக்கொள்கிறார்கள் என்று. யோசிக்காமல் எழுதுகிறாள், நான் முழு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மனசு ஆறவில்லை சம்பந்தி. ஜெர்மனிக்கு உண்மையை எழுதிவிடுவோம் என்று தேவதாசனிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றுவிட்டார். அதைவிட எனக்கு அவசரமான இடம் ஒன்று இருக்கிறது.

ஆகையால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் நானே கையில் கொண்டு வருகிறேன். எதிர்க் கடையில் டீ குடிக்க மாட்டேன், யாரிடமும் மழையைப் பற்றிப் பேச மாட்டேன், நேரே தங்கள் வாசலுக்கு வந்து என் மகளிடம் என் வாயால் கேட்பேன். தாங்கள் இதை வாசித்து முடிக்கும் வரை வேணி என் பக்கத்தில் நிற்கட்டும்.