இசோபே முந்த மாட்டார்

இரண்டாவது முறையும் பழைய வண்டிதான் முதலில் வந்தது.

"ஏங்க, உங்களுதுதான் முன்னாடி," என்றாள் சுமியே, ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்து.

அவள் கணவர் முரோதா ஹெல்மெட்டைக் கழற்றினார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

ஜப்பானின் ஹமாமட்சு நகரில் பியானோ தொழிற்சாலை ஒன்றில் அவர் பிரிவுத் தலைவர். தன் முதல் தலைமுறை பந்தய பைக்கை விட்டுவிட்டு அதே மாடலின் நாலாம் தலைமுறையை வாங்க ஆசை. சம்பளம் முழுவதும் சுமியேயின் கையில். "புதுசு நெஜமாவே வேகம்னு என் கண்ணால பார்த்தா வாங்கிக்கோங்க," என்று அவள் சொன்னதால்தான் ஞாயிற்றுக்கிழமை இந்த ஓட்டக்களத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார். நாலாம் தலைமுறையை ஓட்டி வந்தவர், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இசோபே.

இசோபே இறங்கி இடுப்பு வரை குனிந்தார். தோல் ஜாக்கெட்டின் நீளமான கை அவர் விரல்களை மூடியது. போன வருடம் முரோதா கொடுத்த ஜாக்கெட்.

"மன்னிச்சிடுங்க சார். பிடிக்க முடியல."

"உன் வண்டி இருபது கிலோ எடை கம்மி. குதிரைசக்தி அம்பது கூட. எப்படிய்யா முடியல?"

"உங்க கை அப்படி சார்."

வேலிக்கு அப்பால் சோற்று உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த இசோபேயின் மனைவி கனாகோ எட்டிப் பார்த்தாள். "யாரு முன்னாடி?"

"நான்தான்," என்றார் முரோதா.

"ரொம்ப சந்தோஷம்," என்று அவளும் குனிந்தாள்.

பண்பான குடும்பம். முரோதாவுக்கு எரிச்சலாக வந்தது.

"இங்க பாரு இசோபே. களத்துல பெரியவன் சின்னவன் கிடையாது. தைரியமா முந்து. நான் புதுசு வாங்கிட்டா இந்தப் பழசு உனக்குத்தான். சும்மாவே தர்றேன், போ."

"அதெல்லாம் எதுக்கு சார்..."

"எடுத்துக்கய்யா."

இசோபே மறுபடி குனிந்தார். பிரிவுத் தலைவர் கொடுப்பதை வேண்டாம் என்றவர் அந்தத் தொழிற்சாலையில் யாரும் இல்லை.

அடுத்த ஓட்டத்தில், நேர்பாதையில் புது வண்டி பக்கத்தில் வந்தது. முரோதா மனதுக்குள் கைதட்டினார். இசோபே ஹெல்மெட்டோடு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

சரி, நாமே மெதுவாகப் போவோம் என்று முரோதா அதற்கடுத்த ஓட்டத்தில் வேகத்தைக் குறைத்தார். இசோபேயும் குறைத்தார். இவர் இன்னும் குறைத்தார். கடைசி வளைவில் இருவரும் காலை ஊன்றி நின்றார்கள்.

"நீ போய்யா."

"நீங்க போங்க சார்."

"போன்னா போயேன்."

"உங்களுக்கு அப்புறம்தான் சார்."

களத்தைக் கூட்ட வந்தவரின் மொபெட், துடைப்பம் பின்னால் ஆட, இருவரையும் தாண்டிக் கோட்டைக் கடந்தது.

"இதையும் கணக்குல சேர்க்கணுமா?" என்று கேட்டாள் சுமியே.

முரோதாவுக்குக் கடைசியாக ஒரு யோசனை வந்தது. வண்டியை மாற்றிக்கொண்டார்கள். இனி இசோபே எவ்வளவு மரியாதை காட்டினாலும் புதுசுதான் முன்னால் வரும்.

அடுத்தவன் வண்டி. கீறல் விழுந்தால் மானம் போய்விடும். முரோதா முட்டை கட்டிக்கொண்டு போவது போலப் போனார். முதல் வளைவிலேயே பழைய வண்டி அவரை உரசுவது போலத் தாண்டியது. வணக்கம் எதுவும் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முரோதா வந்து சேர்ந்தபோது இசோபே தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க சார். வண்டி என் பேச்சைக் கேக்கல. அது பாட்டுக்குப் பறக்குது. இந்த மாதிரி வண்டியை யாராவது கைவிடுவாங்களா சார்?"

"யார் ஓட்டினாலும் பழசுதான் முன்னாடி," என்று சுமியே ஸ்டாப் வாட்ச்சைப் பைக்குள் போட்டாள். "இதுக்கு மேல என்ன பார்க்கணும்? கெளம்புங்க."

முரோதா பழைய வண்டியின் டாங்க்கைத் தடவிப் பார்த்தார். இத்தனை வருடம் இதைக் குறைவாக எடை போட்டுவிட்டோமே என்று இருந்தது. தோற்றவர் போலத்தான் கிளம்பினார்; ஆனாலும் வாசலைத் தாண்டும்போது ஒருமுறை தேவையில்லாமல் முறுக்கினார்.

சத்தம் தேய்ந்து மறையும் வரை இசோபேயும் கனாகோவும் குனிந்தபடியே நின்றார்கள். பிறகு கனாகோ நிமிர்ந்தாள்.

"அப்பாடா. அவர் குடுத்த பழைய மசாஜ் நாற்காலி, கோல்ஃப் மட்டை, மீன் தொட்டி எல்லாம் நம்ம வீட்டுலதான் கெடக்குது. இந்த வண்டியும் வந்திருந்தா நாம தெருவுலதான் படுத்திருக்கணும்."