வாசற்படிக்கு உள்ளே ஓர் எம்.ஏ.

இஸ்திரிக்காரம்மாவுக்கு நேர்ந்த அநியாயங்களை வரிசை பிசகாமல் சொல்லிவிடுவோம். முதலாவது, ஓட்டைக் கூரைக்குத் தகடு கேட்டார். ஓட்டை இருப்பதாலேயே கூரை இருப்பது நிரூபணமாகிறது என்று மனுவைத் தள்ளினார்கள். இரண்டாவது, விசாரிக்க வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உணவுக்குக் குறைவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது, வறுமைக்குப் பல பரிமாணங்கள் உண்டென்று மேலிடம் கண்டுபிடித்தது.

அவற்றை அளக்கத்தான், மழைக்கு முந்தின வாரம், கணக்கெடுப்பு அதிகாரி குனிந்து உள்ளே நுழைந்தார்.

"வீட்ல யாராவது அஞ்சாவது தாண்டியிருக்காங்களா?"

"யாருமில்லீங்க சார்."

"இருக்காங்களே. நான் எம்.ஏ."

"நீங்க எப்ப சார் எங்க குடும்பத்துல சேந்தீங்க?"

"விதி ஏழு. கணக்கெடுக்கும் வேளையில் வாசற்படிக்கு உள்ளே இருப்போர் அனைவரும் குடும்பத்தினர். எங்கிட்ட செல்போன் இருக்கு, பைக் இருக்கு. இனி உங்களுக்கு என்னம்மா குறை?"

"அப்ப வெளிய நின்னு எழுதுங்க. இந்த மழைக்காவது தகடு வேணும் சார்."

"வெளிய நின்னா உள்ள இருக்கிற வறுமை எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேனே!"

"ஏழை சொல்வது ஏழ்மைக்குச் சான்றாகாது."

இப்படியே மாவட்டம் முழுக்க வீடு வீடாக நுழைந்தார்; நுழைந்த இடமெல்லாம் வறுமை ஒழிந்தது. தெருக்காரர்களுக்கோ 'எம்.ஏ. குடும்பம்' என்று எழுதியதில் தலைகால் புரியவில்லை. முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

மிஞ்சியது அதிகாரியின் சொந்த வீடு. தன் வீட்டைத் தானே அளக்கக் கூடாது என்பது விதி எட்டு. அவர் ஊரை அளக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு குமாஸ்தா வந்தார். நாய்க்குப் பயந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே மாமியார் மட்டும். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர்.

"வீட்ல என்னென்னம்மா இருக்கு?"

"என்னத்த இருக்கு? பத்து வருஷமா எங்க மாப்பிள்ளை ஒரு துரும்பு வாங்கிப் போட்டதில்ல. எழுதிக்கோ!"

அதிகாரியின் மாமியார் ஏழையல்ல. ஆகவே அவர் சொன்னது சான்றானது.

குடும்பத் தலைவர்களின் பெயரில் தயாரான ஏழைகள் பட்டியலைச் சாட்சிகள் முன்னிலையில் கணக்கெடுப்பு அதிகாரியே வாசிக்க வேண்டும். தெருவே கூடியது. தாளைப் பிரித்தவர் அதை உடனே மடித்துக்கொண்டார்.

"தப்பு நடந்திருக்கு சார்," என்று மேலதிகாரியின் காதைக் கடித்தார்.

"நம்ம முறையிலயா?"

"ஐயையோ! முறை சரிதான் சார்."

"அப்ப வாசிங்க. தகடு லாரியில நிக்குது."

அவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"பின்னாடி கேக்கல!" என்றார் இஸ்திரிக்காரம்மா. தகடுதான் போயிற்று, வாயாவது மிஞ்சட்டும். "நாங்கல்லாம் படிச்ச குடும்பம் சார். எழுத்து விடாம வாசிங்க!"

சாட்சிகள் கைதட்டி ஆமோதித்தார்கள். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, மாவட்டத்தின் ஒரே ஏழையின் பெயரை, தகப்பனார் பெயரோடும் பதவியோடும், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தார்.