விடுப்பே எடுக்காத சான்றிதழ்

1971-ஆம் ஆண்டு பி.யு.சி. தேறிய சுந்தரவல்லிக்கு மருந்தாளுநர் ஆகவேண்டும் என்ற நியாயமான ஆசை உண்டாயிற்று. இரண்டு வருஷ டிப்ளமாவா, பட்டப்படிப்பா என்பதுதான் கேள்வி. அவளுடைய அப்பா முருகையன் விவரம் தெரிந்தவரைக் கேட்போம் என்று, ஆழ்வார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருந்த சண்முகசுந்தரத்திடம் அவளை அழைத்துப் போனார்.

கடைக்காரர் சுவரைக் காட்டினார். அங்கே முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்தாளுநரின் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அதற்கு உரியவர் நந்தனத்தில் ஏதோ ஆபீசில் குமாஸ்தா. கடைக்குச் சான்றிதழை மட்டும் அனுப்பியிருந்தார்.

"டிகிரின்னா பெரிய ஃப்ரேம். முருகன் படம் மறைஞ்சிரும். டிப்ளமாவே போதும் தாயி."

"அப்போ கடையில யாரு நிக்கிறது?"

"நிக்கிறதுக்கு எதுக்கு படிப்பு?"

சுந்தரவல்லிக்குக் கோபம் வந்து பட்டப்படிப்பே படித்தாள். அவள் படித்து முடிப்பதற்கும் குமாஸ்தாவின் சான்றிதழைக் கரையான் அரிப்பதற்கும் சரியாக இருந்தது. அந்த ஆணியில் அவளுடையதை மாட்டினார்கள். முருகன் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

வினை என்னவென்றால், சான்றிதழோடு அவளும் வந்து நின்றாள். டாக்டர் சீட்டு எங்கே என்றாள். இந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது என்றாள். பேட்டையே கலங்கிப்போயிற்று.

மறுமாதம் மருந்துக்கடைகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வந்தார். சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார்.

"ஒரு கடைக்கு ஒரு மருந்தாளுநர்தான் அனுமதி. இங்க ரெண்டு கீது."

"ரெண்டும் நான்தான் சார்."

"அதுக்கு சர்டிபிகேட் காட்டும்மா."

"அதோ, சுவர்ல."

"அது டூட்டில கீது. டூட்டி நேரத்துல எறக்கக் கூடாது."

முறைப்படி விசாரணை நடந்தது. சுந்தரவல்லி காய்ச்சலுக்காக இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தாள். சான்றிதழோ ஒரு நாள்கூட எடுத்ததில்லை. பொதுமக்கள் கருத்தும் கேட்கப்பட்டது. சான்றிதழ் சீட்டுக் கேட்பதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை, ஆகவே அதுவே நீடிக்கவேண்டும் என்று தெருவே மனுக் கொடுத்தது. முதல் கையெழுத்து என்னுடையது.

உபரி மருந்தாளுநர் அன்றே நீக்கப்பட்டாள். பாவம், சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போனாள்.

போன வாரம் அந்தக் கடையில் வாங்கிய மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பதறிக்கொண்டு கடைக்கு ஓடி, இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். சண்முகசுந்தரம் சுவரைக் காட்டினார்.

வெகு நேரம் நின்று பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை.