ஊத்துக்குளி வெண்ணெய்க்கு ஐந்துக்கு ஐந்து

கொங்கு நாட்டுக்காரனிடம் எதையாவது சாப்பிடக் கொடுத்துவிட்டு, "எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்கக் கூடாது. உண்மையான பதில் கிடைக்கவே கிடைக்காது. சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாலும் "நல்லாருக்குதுங்க" என்போம். வாயிலேயே வைக்க முடியவில்லை என்றால் "ரொம்ப நல்லாருக்குதுங்க" என்போம். (உடனே இன்னொரு கரண்டி ஊற்ற வருவார்கள். அதையும் வாங்கிக்கொள்வோம்.) பரிமாறியவர் மனம் நோகக் கூடாது, அவ்வளவுதான். கோபிசெட்டிபாளையத்தில் பிறந்த நானும் அப்படியே வளர்ந்தேன். இப்படிப்பட்ட ஒருவனை பீர் ருசி பார்த்து மார்க் போடும் நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் ஒரு நடமாடும் சாட்சி.

அப்போது எனக்குக் கோவை சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலை. வீட்டில் மும்முரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளகோவிலில் ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண்ணின் பெயர் சங்கவி. பயோடெக்னாலஜி படித்தவள். பெங்களூரில் ஒரு ஃபுட் கம்பெனியில் இருப்பதாக அவளுடைய அப்பா சொன்னார். என்ன ஃபுட் என்று என் அப்பா விசாரித்தார். அவர் கொஞ்சம் இருமிவிட்டு, "பார்லிங்க" என்றார்.

"நல்லதுங்க. பார்லிக் கஞ்சி குடிச்சா கல்லடைப்பே வராதுங்க" என்றார் என் அப்பா. டீ, காபி கூடத் தொடாத மனுஷன்.

பெண் பார்க்கப் போன அன்று எங்கள் இருவரையும் மொட்டை மாடியில் தனியாகப் பேச விட்டார்கள். நான் வானிலையைப் பற்றி ஆரம்பித்தேன். சங்கவி நேராக விஷயத்துக்கு வந்தாள். அவள் வேலை செய்வது, பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்கும் ஒரு பப்பில். பீர் காய்ச்சுவதுதான் அவள் வேலை. தன் கம்பெனியில் என்ன செய்கிறாள் என்பதை, மற்றவர்கள் பேங்க் வேலையைச் சொல்வது போல அத்தனை இயல்பாகச் சொன்னாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆறு வகை பீருக்கு மார்க் போடும் கூட்டமாம். அதில் ஒன்று அவளே யோசித்துக் காய்ச்சியது. மார்க் கூடுதலாக வாங்கினால் அது பப்பின் மெனுவில் ஏறும்.

"நம்மூர்ல யாருக்கு எதக் குடுத்தாலும் நல்லாருக்குதுங்கறாங்க. எனக்கு அப்படி ஒரு மாப்பிள்ளை வேண்டாமுங்க" என்றாள். "நீங்க வாங்க. எது என்னுதுன்னு சொல்ல மாட்டேன். மனசுல பட்டத மார்க்காப் போடுங்க. அதப் பாத்துட்டு நான் பதில் சொல்றேன்."

எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போனது. இந்தப் பெண் சரி சொல்லாவிட்டால் நம் கதை அவ்வளவுதான் என்று மாடிப்படி இறங்கும்போதே தெரிந்துவிட்டது. கீழே கேசரி கொடுத்தார்கள். கல் மாதிரி இருந்தது. ரொம்ப நல்லாருக்குதுங்க என்றேன்.

ஞாயிறு வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பீரைப் பொறுத்தவரை என் அனுபவம் மொத்தமும் கல்லூரி விடுதியோடு சரி. ஒரே வகை பீர், அதற்கு ஒரே விமர்சனம்: "சில்லுனு இருக்குது." இப்போது இராத்திரி பகலாக வீடியோ பார்த்தேன். கோதுமை பீர், லாகர், கசப்பான ஐ.பி.ஏ., கறுப்பான ஸ்டவுட், வேண்டுமென்றே புளிக்க வைத்த சவர் என்று ஓர் உலகமே இருந்தது. பீரை முதலில் பார்க்க வேண்டுமாம், பிறகு முகர வேண்டுமாம், அப்புறம் வாய்க்குள் உருட்ட வேண்டுமாம். ஆபீஸ் காபியில் பழகினேன். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றி முகர்ந்ததைப் பார்த்த எங்கள் டீம் லீட், ஈ விழுந்துவிட்டதா என்று கேட்டார். கோபிக்குப் போனபோது அம்மாவின் ரசத்தை வாய்க்குள் உருட்டி, "மொதல்ல மொளகு வருது, பின்னால புளி வருது" என்றேன். "உள்ள என்ன போட்டனோ அதுதான வரும்" என்று சொல்லிவிட்டு அம்மா அப்பளம் பொரிக்கப் போய்விட்டார்.

ஞாயிறன்று புதுச் சட்டையோடு பெங்களூரில் போய் இறங்கினேன். பதற்றத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. (ரயிலில் வந்த இட்லியை முகர்ந்து பார்த்ததோடு சரி.) பப்புக்குள் நுழைந்ததும் வாயைப் பிளந்தேன். பால் சொசைட்டியில் இருப்பது போல ஆளுயரத்துக்கு எவர்சில்வர் தொட்டிகள், சுற்றிலும் வேகிற தானியத்தின் இளஞ்சூட்டு வாசனை. நீள மேசையில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் ஆறு சின்னக் கிளாஸ்கள், ஒரு மார்க் தாள். மேசை நடுவே ஒரு வாளி. சங்கவி எனக்கு நேர் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவளுடைய மேலதிகாரி, மைசூர்க்காரர், விதிகளைச் சொன்னார். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் பார்க்க வேண்டும், மிச்சத்தை வாளியில் ஊற்றிவிட வேண்டும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சிய பெண் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள், அவள் கண்ணெதிரில் வாளியில் ஊற்றுவதா? பந்தியில் இலையில் வைத்ததை மிச்சம் வைத்தாலே முகம் சுளிக்கும் குடும்பம் எங்களுடையது. ஆறையும் கடைசிச் சொட்டு வரை குடிப்பது என்று முடிவு கட்டினேன்.

முதல் கிளாஸ் கோதுமை பீர். மூக்கருகே கொண்டுபோனதும் துள்ளி எழாத குறைதான். எங்கள் தோட்டத்து வாழைத்தாரைப் பழுக்கப் போட்ட அறையின் கதவைத் திறந்தால் ஒரு வாசம் வருமே, அதே வாசம். வாழைப்பழமே போடாமல் வாழைப்பழ வாசம். கூடவே மெல்லிய கிராம்பு. இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று இத்தனை வருஷம் யாருமே சொல்லவில்லையே என்று நிஜமாகவே கோபம் வந்தது. ஐந்துக்கு ஐந்து.

இரண்டாவது ஐ.பி.ஏ. மாம்பழத் தோல் வாசத்தில் வரவேற்று, உள்ளே போனதும் வேப்பங்கொழுந்தாகக் கசந்தது. முகம் தானாகக் கோணியது. அதை அவசரமாகப் புன்னகையாக மாற்றினேன். அவளுடையதாக இருந்துவிட்டால்? ஐந்து. மூன்றாவது ஸ்டவுட், காபிக்கொட்டை லேசாகக் கருகிய மணம். பிடித்திருந்தது, ஐந்து. நான்காவதில் கரும்பாலையில் பாகு காய்கிற வாசம் அடித்தது. முதல் வாய் அபாரம், போகப் போகத் திகட்டியது. ஐந்து. ஐந்தாவதாக வந்த சவர், பாத்திரத்தில் மறந்துபோய் மூன்று நாளைக்கு விட்ட மோர். பாவம், யார் காய்ச்சினார்களோ. ஐந்து.

ஆறாவது, பொன் நிறத்தில் பளிச்சென்று ஒரு லாகர். முகர்ந்தேன். மறுபடி முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, வெண்ணெய். அதிலும் எங்கள் பக்கத்து ஊத்துக்குளி வெண்ணெய், வாழையிலையைப் பிரித்ததும் வருகிற அதே வாசம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெங்களூரில் பீருக்குள் வெண்ணெயைக் கொண்டுவர வேறு யாருக்குத் தோன்றும்? வெள்ளகோவில் பெண்ணுக்குத்தான் தோன்றும். கண்டுபிடித்துவிட்டேன். ஐந்துக்கு ஐந்து போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்தேன்.

மைசூர்க்காரர் ஆறாவதைப் பற்றி ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்டார். எல்லோரும் உட்கார்ந்தபடி ஏதோ முணுமுணுத்தார்கள். நான் எழுந்து நின்றேன். (யாரும் நிற்கச் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் ஆறு கிளாஸ்.) நான் வெண்ணெய்ச் சீமையிலிருந்து வருகிறேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். ஊத்துக்குளியின் பெருமையைச் சொன்னேன். இதில் வெண்ணெய் மணக்கிறது, இதைக் காய்ச்சிய கைகளுக்குத் தங்க வளையல் போடலாம் என்றேன். ஆங்கிலத்தில் "ங்க" சேர்க்க வழியில்லாததால் வாக்கியத்துக்கு இரண்டு "சார்" சேர்த்தேன். பேசி முடித்துத் திரும்பி சங்கவியை வெற்றிப் பார்வை பார்த்தேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

மைசூர்க்காரர் பொறுமையாக விளக்கினார். லாகரில் வெண்ணெய் வாசம் வந்தால் அதைச் சரியாகக் காய்ச்சவில்லை என்று அர்த்தம். ஈஸ்ட்டுக்குப் போதுமான நாள் கொடுக்காமல் அவசரப்பட்டால் வருகிற குறை. மார்க் போடுகிறவர்கள் முழித்திருக்கிறார்களா என்று பார்க்க, அந்த வாசனையை இன்று அவரே சொட்டுச் சொட்டாகக் கலந்து வைத்திருந்தார். ஏதோ சரியில்லை என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. அது வெண்ணெய் என்று பளிச்சென்று சொன்னவன் நான் ஒருவன்தான். அதற்கு முழு மார்க் போட்டவனும் நான் ஒருவன்தான்.

பிறகு என் தாளைத் தூக்கிக் காட்டினார். முப்பதுக்கு முப்பது. எதிரே இருந்த தாடிக்காரருக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறி மூக்கு வழியே பீர் வந்தது. என் மார்க் செல்லாது என்று தாளைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அந்த வாளிக்குள் என்னை ஊற்றிவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

ஆட்டோ பிடித்துக் கொடுக்க சங்கவி வாசல் வரை வந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்க மூக்குல ஒரு கொறையும் இல்லீங்க. எங்க ஆளுங்களுக்கே அப்படி ஒரு மூக்கு கெடையாது" என்றாள். "மூக்கு சொல்றத வாய் கேக்க மாட்டேங்குது, அதுதான் பிரச்சன. என்னோட பீரு எதுன்னு நெனச்சீங்க?"

வெண்ணெய்தான் என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. நான்காவது கிளாஸ் அவளுடையதாம். கவுந்தப்பாடியிலிருந்து நாட்டுச்சர்க்கரை வரவழைத்து, மூன்று மாதம் மெனக்கெட்டுக் காய்ச்சியதாம்.

"அது எப்படி இருந்துச்சுங்க?"

"நல்லா..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டேன். இந்தப் பெண் கைவிட்டுப் போகப்போகிறாள் என்பது நிச்சயம். போவதுதான் போகிறாள், கேட்டதற்கு ஒரு தடவையாவது பதில் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது.

"மொதல் வாய் அருமைங்க. அதுக்கப்பறம், கல்யாண ஊட்டுல போதும் போதும்னு சொல்லச் சொல்ல மறுக்கா மறுக்காப் பாயாசம் ஊத்துன மாதிரி ஆயிப்போச்சுங்க. குடிச்சு முடிக்கறதுக்குள்ள நாக்கு ஒட்டிக்கிச்சு."

அவள் முகம் வாடியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"மார்க்கு?"

"ரெண்டு..." என்றேன். மனசு கேட்கவில்லை. "ரெண்டரைங்க."

"அந்த அரை எதுக்குங்க?"

"நீங்க சங்கடப்படக் கூடாதுன்னுங்க."

அவள் வந்து நின்ற ஆட்டோவைக் கை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆட்டோக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கோவைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த அரை மார்க்கை நினைத்து நினைத்து மருகினேன். முப்பதுக்கு முப்பது போட்டவன் அவளுக்கு மட்டும் ஏன் கஞ்சத்தனம் பண்ணினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க ஒரு தகவலும் இல்லை.

அடுத்த வாரம் நான் கோபிக்குப் போயிருந்தபோது வெள்ளகோவிலிலிருந்து அவளுடைய அப்பா கூப்பிட்டார். என் அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "பாப்பா சரின்னு சொல்லிப்போட்டதுங்க" என்றது போன். நான் சோபாவிலிருந்து எகிறியதில் டீப்பாய் சாய்ந்தது. "ஆனா மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லுச்சுங்க. ரெண்டுதான் சரியான மார்க்காமா. அந்த அரையக் கழிச்சுக்கச் சொல்லுது."

என்ன மார்க் என்று அப்பா கேட்க, பார்லி முதல் பப் வரை எல்லாம் வெளியே வந்துவிட்டது. என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பார்லிக் கஞ்சிதானுங்களே. கொஞ்சம் புளிக்க வெக்கறாங்க, அவ்வளவுதான?" என்றார். சம்பந்தி மனம் நோகக் கூடாதல்லவா? கல்யாணம் முடிவானது.

நானும் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். கோபியிலும் வெள்ளகோவிலிலும் இன்றைக்கும் விருந்து என்றால் இந்தக் கதை இல்லாமல் இலை போட மாட்டார்கள். யாராவது எதையாவது ரொம்பப் புகழ்ந்தால், "வெண்ணெய் வாசம் அடிக்குதுங்களா?" என்று கேட்பது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது. முக்கியமாக என்னிடம்தான் கேட்கிறார்கள்.

சங்கவி அந்த நாட்டுச்சர்க்கரை பீரை விடவில்லை. இனிப்பைக் குறைத்தாள், துளி சுக்கு சேர்த்தாள், மறுபடி மறுபடி காய்ச்சினாள். கடைசியில் அது மார்க் கூட்டத்தில் முதலாவதாக வந்து மெனுவில் ஏறியது. (அந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.) அதற்கு அவள் வைத்த பெயர் "ரெண்டரை". என்ன பெயர் இது என்று வாடிக்கையாளர்கள் கேட்டால், நான் அங்கே இருக்கும் நாட்களில் பரிமாறுகிறவர் என்னைக் கை காட்டுகிறார்.

விற்பனைக்கு வந்த அன்று முதல் கிளாஸை என் முன்னால் வைத்தாள். கரும்பாலை வாசம், அடியில் சுக்கின் காரம், ஒட்டாமல் திகட்டாமல் சுத்தமாக இறங்கியது. என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் குடித்ததில்லை. கண் கலங்கிவிட்டது. சத்தியமாக ஐந்துக்கு ஐந்து.

"ரொம்ப நல்லாருக்குது கண்ணு" என்றேன்.

"ரொம்பவா?" என்றாள், ஒரு புருவத்தை உயர்த்தி.

வாயைத் திறந்து பயனில்லை என்று, ஒரு சொட்டு மிச்சமில்லாத கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"ஏனுங்க, அன்னைக்கும் ஆறு கிளாசயும் காலி பண்ணிப்போட்டுத்தானுங்க எந்திரிச்சீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேசைக்காரரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கப் போய்விட்டாள்.