நடு ஸ்பீக்கரும் மாமனாரின் காதும்

ஹோம் தியேட்டரில் வசனம் பேசும் நடு ஸ்பீக்கர் படுத்துத்தான் கிடக்க வேண்டும் என்று உலகம் நம்புகிறது. இந்த விஷயத்தில் உலகத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.

திருந்துவதற்கு முன் நானும் அப்படித்தான் நம்பினேன். எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாமான் வாங்கி, காக்ஸ் டவுன் வீட்டில் நானே ஒரு பெட்டி செய்தேன். நடுவில் சின்ன ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய ஸ்பீக்கர். டிவியின் தலைமேல் படுக்க வைத்தேன். சோபாவின் நடுவில் உட்கார்ந்து டிவிடி போட்டேன். கதாநாயகி விட்ட பெருமூச்சு என் கன்னத்தில் பட்டது!

ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். மாமனாரும் மாமியாரும் வந்தார்கள்.

"மாப்பிள்ளை நடுவுல உக்காரட்டும்" என்றார் மாமியார்.

வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்வதை எந்த மாமியார் நம்பியிருக்கிறார்? நான் நடுவில். மாமனார் சோபாவின் ஓரத்தில். மாமியாரும் என் மனைவியும் எனக்கு நேர் பின்னால், நாற்காலியில்.

படம் ஓடியது.

"என்ன சொல்றான் அவன்?" என்றார் மாமனார்.

மாமியார் இதற்காகவே காத்திருந்தவர். "காது டாக்டர்கிட்ட வாங்க, வாங்கன்னு எத்தனை வருஷமா அடிச்சுக்கிறேன்! இப்ப பாருங்க!"

"சும்மாயிரு! அவன்தான் முணுமுணுக்கிறான்."

"அப்பா, அது கோர்ட் சீன். அவன் கத்திட்டு இருக்கான்" என்றாள் மனைவி.

மாமனார் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க. என் காதா, உங்க பெட்டியா?"

எழுந்து போய் அவரை ஒட்டி உட்கார்ந்தேன். வக்கீல் தலையணைக்குள் வாயை வைத்து வாதாடிக்கொண்டிருந்தார்!

புரிந்துவிட்டது. நடுவில் இருப்பவனுக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கரும் ஒரே தூரம். ஓரத்தில் இருப்பவனுக்கு ஒன்று கிட்டே, ஒன்று எட்ட. ஒரே வசனம் முன்னும் பின்னுமாக வந்து ஒன்றையொன்று அமுக்கிவிடுகிறது. பெட்டியை நிமிர்த்தி வைத்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்கும்.

நிமிர்த்தப் போனேன்.

"டிவி மேல நடுகல்லா நடப்போறீங்க? விழுந்து உடையும், விடுங்க!" என்றாள் மனைவி.

சரி, வாயாலேயே நிரூபிக்கலாம். வெற்றிக் குரலில் அறிவித்தேன். "அத்தை, மாமா காதுல ஒரு கோளாறும் இல்ல. அங்க உக்காந்தா எனக்கும்தான் ஒண்ணும் கேக்கல!"

மாமியாரின் முகம் வாடிவிட்டது. "ஐயோ, இந்த வயசுலேயா?"

"அதான் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறாரு" என்றாள் மனைவி.

ஒலி அலைகள், தூர வித்தியாசம், பெட்டி படுத்திருக்கும் விதம் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். மாமியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் காதருகே குனிந்து, உரக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"ஒண்ணும்... கவலை... படாதீங்க... மாப்பிள்ளை!"

திங்கட்கிழமை காலையில் மாமனாரும் நானும் ஒரே ஆட்டோவில் காது டாக்டரிடம் போனோம்.