வீடு கேட்கப் போன வெற்றிலைத் தட்டு

எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைச்சல். வீட்டில் இதைக் குற்றமாகச் சொல்வார்கள். நான் தகுதியாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மலாய் நாடு சுதந்திரம் பெற்ற வருஷம். மலாக்காவின் தெங்கேரா பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை, மகனுக்குக் கல்யாணம் என்று உரிமையாளர் திரும்பக் கேட்டுவிட்டார். இரண்டு மாதம் தவணை. எனக்கோ ஐந்து மாதம் (வயிற்றில்). இனி சொந்த வீட்டில்தான் பிள்ளை பெறுவேன் என்று சபதம் போட்டேன். பிடித்த வீடும் இருந்தது: பக்கத்துக் காஜா பேராங்கில், வாசலில் மாமரத்தோடு, ஒரு மலாக்கா செட்டிக் குடும்பத்தின் வீடு (பல தலைமுறைக்கு முன்பே வந்து, மலாய்ப் பேச்சுக்கும் உடைக்கும் மாறிவிட்ட தமிழர்கள்). ஒரே குறை, அதை அவர்கள் விற்கவில்லை.

"விக்காத வீட்டப் போயி எவளாச்சும் கேப்பாளா?" என்றார் என் கணவர்.

"கேட்டாத்தானே விப்பாங்க!"

நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகலாமா? வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் பித்தளைத் தட்டில் அடுக்கி, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தனியாகவே போய் நின்றேன். (தடுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.)

தட்டைப் பார்த்ததும் வீட்டு அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் வீட்டில் மலாய்தான் பேச்சு. நானும் எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சமாளித்தேன். உள்ளே ஒரே பரபரப்பு. கெபாயா என்கிற மலாய் மேற்சட்டை உடுத்திய இளம்பெண் ஒருத்தி தேநீரோடு வந்து, தலை குனிந்து நின்றாள். என்ன மரியாதை என்று பூரித்துப்போனேன்.

"யாருக்காக வந்திருக்கே?" என்றார் அம்மாள்.

"என் வீட்டுக்காரருக்குத்தான்!"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "உனக்குச் சம்மதமா?"

"யோசனையே என்னோடதுதான். அவருக்குத்தான் பயம்."

தேநீர்க் கோப்பை கீழே விழுந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வழக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு வருகிறவர்கள் பெண் கேட்கத்தான் வருவார்கள். நான் என் கணவருக்கு இரண்டாம் தாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

"பொண்ணு வேணாம், வீடுதான் வேணும்!" என்று கத்தினேன். அது அந்த அம்மாளை இன்னும் கொதிக்க வைத்தது.

"பாட்டன் பூட்டன் வீடு! பொண்ணக்கூடக் குடுப்போம், வீட்டக் குடுக்க மாட்டோம்!"

தட்டு என் கைக்கே திரும்பி வந்தது. வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. ஆனாலும் வாசலில் நின்று, "விக்க நெனச்சா சொல்லியனுப்புங்க" என்று முகவரியைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

கதை தெரு முழுக்கப் பரவியது. மறுவாரம் அதே தெருக்காரர் ஒருவர் எங்கள் வீடு தேடி வந்தார்.

"தட்டு கொண்டாந்தது நீதானே? எங்க வீட்டுல பொண்ணு இல்ல. வீடு மட்டுந்தான் இருக்கு. வேணுமா?"

மூத்தவள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். இன்றைக்கும் நான் தட்டைக் கையில் எடுத்தால் போதும், "யாருக்கு? எனக்கா?" என்று கணவர் ஆரம்பித்துவிடுவார், பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் உருண்டு சிரிக்கிற கூடமே அந்தத் தட்டு வாங்கிக் கொடுத்ததுதான்.